இட்டு நிரப்பியவள்

ரெக்ஸலின் தூத்துக்குடியில் கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளுக்கு இப்போது ஒரே ஒரு மாணவி. அவள் பெற்ற மகள் செல்சியா, கூப்பிடுவது செல்சி. பள்ளிக்கூடம் ‘பனிமலர்’ என்ற படகு. சமையல் மேடைக்கு எதிரே இருந்த கதவின் உட்பக்கம்தான் கரும்பலகை. அலை பெரிதாக இருக்கும் நாளில் கதவு அடித்துக்கொள்ளும். பின்னக் கணக்கு பாதியில் நிற்கும்.

அவள் கணவன் ஜெரோம் பாசிப் பண்ணைகளைப் பராமரிப்பவன். உலகத்தின் சூட்டைக் குறைப்பதற்காக, அரபிக்கடலின் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மிதவைகளில் கடற்பாசி வளர்த்து, அது காற்றிலிருந்து உறிஞ்சிய கரியோடு சேர்த்து ஆழத்தில் அமிழ்த்திக்கொண்டிருந்த காலம் அது. மிதவைகள் அறுந்துபோகும். கயிறு மாற்ற வேண்டும். ஒரு பண்ணையிலிருந்து அடுத்த பண்ணைக்கு நாள்கணக்கில் ஓட வேண்டும். முதலில் ஆண்களை மட்டும் அனுப்பிப் பார்த்தார்கள். யாரும் நிலைக்கவில்லை. பிறகு குடும்பத்தோடு போகலாம் என்றார்கள். படகிலேயே பிள்ளைகளுக்குப் படிப்பு என்றானது. படிப்பை ரெக்ஸலின் பார்த்துக்கொண்டாள். ஆனால் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமே, அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கம்பெனி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தது. காலைப் பாடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் ‘கூடல் வகுப்பு’. வேறொரு படகில் இருக்கும் ஒத்த வயதுப் பிள்ளையோடு திரையில் பேசலாம், விளையாடலாம். செல்சிக்கு வாய்த்தவள் சுமையா. கீழக்கரைப் பிள்ளை. அவளுடைய வாப்பா மீராசாவும் இதே வேலையில் இருந்தார். அவர்கள் படகு லட்சத்தீவுப் பக்கம், இவர்கள் படகு அதற்கு வெகு தெற்கே.

கடலுக்கு வந்த புதிதில் ஒருநாள் செல்சி கேட்டாள்.

“எம்மா, சுமையா பேசிக்கிட்டே இருக்கும்போது அவ மொகத்துக்குப் பக்கத்துல மஞ்சளா ஒரு புள்ளி வருதே, அது என்னது?”

“லைன் போயிட்டுன்னு அர்த்தம்.”

“லைன் போனா அவ எப்படிப் பேசுதா?”

“அவ பேசல. வானத்துல லைனுக்கு எல்லாரும் அடிச்சிக்கிடுதாங்க. நமக்குக் கொஞ்ச நேரந்தான் கிடைக்கும். நடுவுல அறுந்துபோனா, பிள்ளைங்க மொகம் வாடிரும்லா? அதுக்காக அவள மாதிரியே பேசுத ஒண்ண நம்ம படகு மெஷின்ல வச்சிருக்காங்க. அதுக்குப் பேரு நிரப்பி. அவ எப்படிச் சிரிப்பா, என்ன சொல்லுவான்னு படிச்சு வச்சிருக்கும். லைன் வந்ததும் அவ திரும்ப வந்துருவா.”

“அப்ப அவ படகுல?”

“அங்க உன் நிரப்பி இருக்கும்.”

செல்சி சிரித்தாள். தன்னைப் போல் ஒருத்தி எங்கேயோ தூரத்துப் படகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. நிரப்பிகள் என்ன பேசின என்று பிற்பாடு சுருக்கமாக எழுத்தில் வரும். எந்தப் பிள்ளையும் அதைப் படித்ததில்லை. கொஞ்ச நாளில் மஞ்சள் புள்ளியையும் யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. செல்சிக்குப் பதினோரு வயது. சுமையாவின் உம்மா பிள்ளை உண்டாகியிருந்தாள். பிறக்கப்போகும் தம்பிக்குப் பெயர் வைப்பதே இருவருக்கும் விளையாட்டாக இருந்தது. ஒரு காலையில் லைன் நன்றாகக் கிடைத்தது. செல்சி வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

“ஏட்டி, ஒரு பேரு கண்டுபிடிச்சிருக்கேன். கேளு.”

சுமையா அவளையே பார்த்தாள். “என்னடி சொல்ற?”

“உன் தம்பிக்குத்தான்.”

“புள்ள தங்கலன்னு நேத்தே சொன்னேன்ல. நீகூட அழுதியே.”

முந்தின நாள் வகுப்பு முழுக்க செல்சி பார்த்த திரையில் சுமையா தம்பிக்குத் தொட்டில் எங்கே கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தாள். அது மஞ்சள் புள்ளி போட்ட சுமையா.

“அது நான் இல்ல. எங்கிட்ட உன் நிரப்பி தொட்டில் பத்தில்லா பேசிக்கிட்டு இருந்துச்சு,” என்றாள் செல்சி.

“இப்பத்தான் தெரியுது. புள்ளியப் பாக்கல.” சுமையா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா நல்லா பேசுனா. ரொம்ப நேரம் கூடவே இருந்தா.”

அன்று மதியம் செல்சி சோற்றைத் தொடவில்லை. ரெக்ஸலின் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. என்ன என்று கேட்டாள். செல்சியால் சொல்ல முடியவில்லை. இறந்துபோன குழந்தையை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் எரிந்தது. தன் தோழியின் துக்கத்தில், தனக்கு முன்னால், தன் முகத்தோடு வேறொருத்தி அழுதுவிட்டாள். இனித் தான் அழுதால் அது இரண்டாவது அழுகை.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். நேற்று நான் என்ன சொன்னேன், முந்தாநாள் நீ எதற்குச் சிரித்தாய். சுமையாவும் கள்ளம் இல்லாமல் சொன்னாள். அந்த செல்சி கேலி செய்வாளாம், ஆனால் மனம் நோகாமல் செய்வாளாம். தோற்றால் கைதட்டுவாளாம். சுமையா ஒரே கதையைத் திருப்பிச் சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாளாம். செல்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

அந்த வருட மழைக்காலத்தில் புயல் வந்தது. தெற்கிலும் வடக்கிலும் இருந்த பாசிப் படகுகள் எல்லாம் மினிக்காய்த் தீவுக்குள் ஒதுங்கின. செல்சியும் சுமையாவும் முதல் முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள்.

சுமையா அவள் நினைத்ததைவிட உயரம். சுமையாவின் கையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது. திரையில் வாசம் கிடையாது என்பது அப்போதுதான் செல்சிக்கு உறைத்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். தாய்மார்கள் இருவரும் தள்ளி நின்று பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் சுமையா மணலில் கட்டம் போட்டாள். சில்லுக்கோடு. ஒற்றைக் காலில் தாவிச் சில்லைத் தள்ள வேண்டும். செல்சி தரையில் நடந்தே ரொம்ப காலம் ஆகியிருந்தது. ஆடாத மண் அவளுக்கு ஆடியது. முதல் கட்டத்திலேயே கோட்டை மிதித்தாள். மறுபடியும் மிதித்தாள். மூன்றாம் முறை கீழே விழுந்து, எழுந்து, கட்டங்கள் எல்லாவற்றையும் காலால் கலைத்துவிட்டாள்.

“அழிச்சாட்டியம் பண்ணித்தான் கெலிக்கிற. நான் வரல போ,” என்று கத்தினாள் செல்சி.

சுமையா கலைந்த மணலைப் பார்த்தாள். “அவ இப்படிக் கோவப்பட மாட்டா,” என்றாள், மெதுவாக.

“எவ?”

சுமையா படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் செல்சிக்கு மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் சுமையாவின் படகுக்குப் போனாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் வட்டமான கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தாள். சுமையா முழங்காலைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் செல்சி. மஞ்சள் புள்ளியோடு, தலை வாரி, பின்னல் போட்டு, தோழி சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னவோ சொன்னாள். சுமையா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரிக்கவைக்க அத்தனை நாளில் செல்சியால் ஒரு தடவைகூட முடியவில்லை.

செல்சி மழை ஈரத்தில் நின்றிருந்தாள். அவள் தலைமுடி உப்பில் சடை பிடித்திருந்தது. தன் முகத்தையே அவள் அவ்வளவு வெறுத்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்துவிட்டாள். புயல் ஓய்ந்து படகுகள் பிரியும்போது இருவரும் கையசைத்தார்கள், பெரியவர்கள் பார்க்கிறார்களே என்று.

கடலுக்குத் திரும்பியதும் செல்சி வேறொரு வேலையில் இறங்கினாள். நிரப்பி தன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கூடல் வகுப்பில் லைன் இல்லாத நேரமாகப் பார்த்து, புள்ளி போட்ட சுமையாவிடம் வாய்க்கு வந்தபடி பேசினாள். கேவலமாக முகம் காட்டினாள். ‘உன்னை யாருக்குப் பிடிக்கும்’ என்றாள். தான் இப்படிக் கெட்டுப்போனால் அங்கே இருக்கும் தன் நிரப்பியும் கெட்டுப்போகும், சுமையாவுக்கு அது கசந்துபோகும் என்பது அவள் கணக்கு.

பலன் இல்லை. அடுத்த முறை லைன் கிடைத்தபோது சுமையா சந்தோஷமாகத்தான் இருந்தாள். நேற்று செல்சி பாடிக் காட்டினாளாம்.

செல்சி அப்பாவிடம் போனாள். ஜெரோம் பின்பக்கம் உட்கார்ந்து கயிறு முடைந்துகொண்டிருந்தான்.

“எப்பா, நிரப்பி நம்மள மாதிரின்னா நம்ம கெட்டதையும் படிக்கணும்லா?”

“படிக்கும் மக்கா. ஆனா வெளிய விடாது. பிள்ளைங்க மனசு நோகக்கூடாதுன்னு சொல்லித்தான் அத உண்டாக்கிருக்காங்க. நீ பத்து சொன்னா அதுல நல்லது ரெண்ட மட்டும் எடுத்துக்கிடும்.”

“அப்ப அது நான் இல்லயே.”

“நீதான். கழுவித் தொடச்ச நீ.” அவன் சிரித்தான். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “ஏன் மக்கா, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

மறுநாள் அவள் கேமராவின் மேல் ஒரு துணியைப் போட்டாள். ஆளைக் காணாவிட்டால் லைன் போனதாகத்தான் மெஷின் நினைத்துக்கொள்ளும். அவளுக்குப் பதிலாக இந்தத் திரையிலும் அவள் நிரப்பியையே பேசவிடும். செல்சி ஜன்னல் வழியாகப் படகின் முன்பக்கம் ஏறிப்போய், வலைத் தொட்டிலில் படுத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடியும் நேரத்துக்குத் திரும்பி வந்து துணியை எடுத்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அந்த ஒரு மணி நேரத்தில் ரெக்ஸலின் எப்போதும் சமையல் மேடையருகே இருப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரலும் சுமையாவின் குரலும் கேட்கும். இடையிடையே சிரிப்பு கேட்கும். மினிக்காயில் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்தோமே, சரியாகிவிட்டது போல என்று அவள் நிம்மதியாக மீன் அரிந்தாள்.

வாரங்கள் கழித்து ஒரு நாள், உள்ளே வைத்திருந்த மஞ்சள்தூள் டப்பாவை எடுக்கக் கதவைத் திறந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. திரையில் செல்சியும் சுமையாவும் அருகருகே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முகத்தின் பக்கத்திலும் மஞ்சள் புள்ளி.

“மினிக்காய்ல சில்லுக்கோடு ஆடுனோமே, நெனப்பு இருக்கா?” என்றாள் திரையில் இருந்த செல்சி.

“எப்படி மறப்பேன்? நீ விழுந்துட்டே, நான் தூக்கிவிட்டேன்,” என்றாள் திரையில் இருந்த சுமையா. “அப்பறம் ரெண்டு பேரும் சேந்து விழுந்தோம்.”

இருவரும் சிரித்தார்கள். ரெக்ஸலின் கதவைப் பிடித்தபடி நின்றாள். அறையில் கேட்க ஆள் இல்லை. நடக்காத ஒரு நாளை இரண்டும் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தன.

அவள் நேராக வயர்லெஸ்ஸுக்குப் போனாள். அந்த வாரம் இரு படகுகளும் ஓரளவு பக்கத்தில், எட்டும் தூரத்தில் இருந்தன. சுமையாவின் உம்மா கிடைத்தாள்.

“உங்க பிள்ள பக்கத்துல இருக்காளா?” என்று கேட்டாள் ரெக்ஸலின்.

“சுமையாவா? கிளாஸ்ல ஈக்கிறா. சத்தம் கேக்குதே.”

“கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.”

உம்மா போய்விட்டு வர நேரமானது. திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“டீச்சர், இங்கெ நாற்காலில ஆளில்ல. திரையில ரெண்டு பேரும் பேசிக்கிட்டு ஈக்காளுவ. இவ மேல்தட்டுல தனியா படுத்து ஈக்கிறா. கேட்டா, ரொம்ப நாளாவே உக்காரலையாம்.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“செல்சிக்கு இவளவிட இவளோட நிரப்பியத்தான் புடிக்கும்ங்கிறா. தம்பி மௌத்தான சேதி சொன்ன அன்னிக்கு, இவ அழுதுகிட்டு ஈக்கிறப்ப உங்க புள்ள தொட்டில் பத்திப் பேசிக்கிட்டு இருந்துச்சாம், அந்த நிரப்பிகிட்ட. அதுலேந்து இவளுக்குப் பொறுக்கலையாம். மினிக்காய்ல சண்டையானதும் கோவப்படாத செல்சியப் பாக்கத்தான் திரையில உக்காந்தாளாம். கடலுக்கு வந்து கொஞ்ச நாள்ல அதையும் விட்டுட்டாளாம்.”

இரண்டு பிள்ளைகளும் ஒரே நெருப்பை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கடலில் தனியாகப் படுத்திருந்திருக்கிறார்கள். வகுப்பு மட்டும் ஒரு நாள்கூட நிற்காமல் நடந்திருக்கிறது.

இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டால் நிரப்பிகளை நிறுத்திவிடலாம். படகிலேயே அதற்கு வழி இருந்தது. மறுநாள் நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். நிறுத்துவதற்கு முன்னால் இத்தனை வாரமும் அவை என்ன பேசின என்று ஒரு தடவை கேட்டுவிடலாம் என ரெக்ஸலின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மெஷின் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஓரிடத்தில் மகளின் குரல் சொன்னது:

“எங்க அம்மா பாடம் நடத்துனா நேரம் போறதே தெரியாது. நானும் அவங்கள மாதிரி டீச்சராகணும்.”

ரெக்ஸலின் அதை நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டாள். இந்த இரண்டு வருடத்தில் செல்சி பாடத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் ‘போதும்மா’, ‘பசிக்குதும்மா’ இரண்டும்தான். கதவில் எழுதி எழுதி அழித்த கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மூன்றாம் தடவையும் கேட்டாள்.

“எம்மா.”

செல்சி பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கண் சிவந்திருந்தது.

“உனக்கும் அவளத்தான் புடிச்சிருக்கு, இல்ல?”

ரெக்ஸலின் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் எடுத்தாள். மகள் தன்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால் பொய் வரவில்லை.

“கேக்க நல்லா இருந்துச்சுட்டி.”

“நான் அப்படிச் சொன்னதே இல்ல.”

“தெரியும்.”

“எனக்கு உன் பாடம் புடிக்கல. பின்னம் சுத்தமா புடிக்கல.”

“அதுவும் தெரியும்.”

“அவளுக்குக் கணக்குப் போடத் தெரியுமா? ஒனக்கு முதுகு வலிச்சா அவ தேச்சி விடுவாளா? மொகத்த மட்டும் வச்சிக்கிட்டு எல்லாத்தயும் புடுங்கிக்கிட்டா. சுமையாவப் புடுங்குனா. இப்ப நீயும்…” அவள் கதவில் சாய்ந்து அழுதாள். கரும்பலகைச் சுண்ணாம்பு அவள் தோளில் எல்லாம் ஒட்டியது.

ரெக்ஸலின் எழுந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். செல்சி திமிறினாள். பிறகு திமிறவில்லை. அப்படியே பிடித்தபடி ஒரு கையை நீட்டி, மறுநாள் வரை காத்திருக்காமல், ரெக்ஸலின் நிரப்பியை நிறுத்தினாள். ‘உறுதியாகவா?’ என்று மெஷின் கேட்டது. உறுதி என்றாள். திரை கறுத்தது. அப்போது அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று வலித்தது. அந்த வலியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஜெரோமிடம்கூட.

சுமையாவின் படகிலும் அன்றே நிறுத்தினார்கள்.

சில நாட்கள் யாரும் யாரோடும் பேசவில்லை. பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம் என்று பெரியவர்கள் சும்மா இருந்தார்கள். ஒரு மத்தியானம் ஜெரோம் காற்றின் போக்கு கேட்பதற்காக வயர்லெஸ்ஸைத் திருகியபோது, இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்னக் குரல் வந்தது.

“பனிமலர், பனிமலர். செல்சி ஈக்கிறாளா?”

ஜெரோம் கருவியை மகளிடம் நீட்டிவிட்டு வெளியே போனான்.

“சொல்லு,” என்றாள் செல்சி.

“நீயே சொல்லு.”

இரைச்சல். முன்பெல்லாம் இந்த மாதிரி இடைவெளியே வந்ததில்லை. யாராவது எதையாவது சொல்லி நிரப்பியிருப்பார்கள். இப்போது இருவரும் சும்மா இருந்தார்கள்.

“உன்மேல எனக்கு இன்னும் கோவம்தான்,” என்றாள் செல்சி.

“எனக்கும்தான்.”

“நீ அவகூட சிரிச்சத நான் ஜன்னல் வழியா பாத்தேன்.”

“நீ எனக்காக அழவே இல்ல.”

“அழுதேன். அன்னைக்கு மத்தியானம் அழுதேன். உனக்குத் தெரியாது.”

மறுபக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று செல்சி பயந்து கருவியைக் காதில் அழுத்தினாள். மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. இருக்கிறாள்.

“தம்பிக்கு ஒரு பேரு வச்சிருந்தேன்னு சொன்னியே,” என்றாள் சுமையா. “என்ன பேரு?”

செல்சி சொன்னாள். சுமையா அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு இருவரும் வேறு பேச்சுக்குப் போனார்கள். பேச்சு தட்டுத் தடுமாறித்தான் போயிற்று. ஒருத்தி சொன்னது மற்றவளுக்குக் காதில் விழவில்லை, திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். ரெக்ஸலின் வாசலில் நின்று கேட்டாள். பழைய கூடல் வகுப்பின் அழகு இதில் இல்லை.

“இங்கெ பக்கத்துல புதுசா ஒரு படகு வந்து ஈக்கிது,” என்றாள் சுமையா. “தங்கச்சிமடத்து ஆளுங்க. நம்ம வயசுல ஒருத்தி இருக்கா. லிட்டிஷா. தெனம் நீந்தி இங்கெ வந்துடுறா. நாங்க மேல்தட்டுல கோடு போட்டு ஆடுறோம்.”

நீந்தி வருகிறவள். கையால் தொடக்கூடியவள். இவளை நிறுத்த எந்த மெஷினிலும் வழி கிடையாது.

“நல்லா ஆடுவாளா?”

“என்னவிட நல்லா ஆடுறா.”

“என்னப் பத்தி அவகிட்டச் சொல்லிருக்கியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

“தோத்தா கோட்ட அழிச்சிப்புடுவா, ரொம்பக் கோவக்காரின்னு சொன்னேன்.”

செல்சி கருவியை இறுகப் பிடித்தபடி கடலைப் பார்த்தாள். முகம் சூடாகியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

“வேற?”

“அவ்வளவுதான். அவளுக்கு உன்னப் பாக்கணுமாம்.”